வேல்ஸ் முன்னோரைப் பழைய கணக்கெடுப்பு ஏடுகளில் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேல்ஸ்காரரை மணந்தவர்கள், வேல்ஸ் பெயர் தாங்கிய ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் பிறந்தவர்கள், பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்காகக் குடும்ப மரம் வரையத் தொடங்கி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் என்று பலரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை எளிதானதில் தொடங்கிச் சிக்கலானது வரை இங்கே தொகுத்திருக்கிறோம். இங்கிலாந்துக்காரரைத் தேடும் வழி வேல்ஸில் பாதி தூரம்தான் வரும். இங்கே பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. வீட்டையும் கூட இருந்தவர்களையும் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

1. எந்த வருஷத்திலிருந்து பெயரோடு கணக்கெடுப்பு கிடைக்கும்?

பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்திருக்கிறார்கள். முதல் நான்கும் பெரும்பாலும் வெறும் தலைக்கணக்கு. வீட்டுக்கு வீடு பெயரோடு முழுமையாகக் கிடைப்பது 1841இலிருந்து. 1841, 1851, 1861, 1871, 1881, 1891, 1901, 1911, 1921 ஆகிய ஒன்பதும் இணையத்தில் இருக்கின்றன. நூறு ஆண்டு கழித்தே வெளியிடுவது நடைமுறை என்பதால் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஜனவரியில்தான் வெளிவந்தது.

1841ஆம் ஆண்டு ஏடு மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் பேசும். குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்று அதில் இருக்காது. பிறந்த ஊர் இருக்காது, அதே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை மட்டும். 1851 முதல் உறவு, திருமண நிலை, வயது, தொழில், பிறந்த ஊர், கவுண்டி எல்லாம் உண்டு.

2. தாத்தாவோட அப்பா பெயர் மட்டும்தான் தெரியும். 1841லேர்ந்து தேட ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். தெரிந்ததிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். முதலில் வீட்டிலுள்ள சான்றிதழ்கள், பைபிளில் எழுதிய பிறந்த தேதிகள், கடிதங்களின் முகவரி, கல்லறைக் கல்லின் புகைப்படம் எல்லாவற்றையும் சேருங்கள். வேல்ஸ் கல்லறைக் கற்களில் பண்ணைப் பெயரைச் செதுக்கியிருப்பார்கள். அந்த ஒரு சொல் பிற்பாடு பத்துச் சான்றிதழுக்குச் சமமாக நிற்கும்.

அடுத்து 1939 பதிவேடு. போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 29 அன்று நாடு முழுக்க எடுத்த பதிவு அது. ஒவ்வொருவருக்கும் முழுப் பிறந்த தேதி இருக்கும். பிற்காலத்தில் மணமான பெண்களின் புதிய குடும்பப்பெயரைப் பல இடங்களில் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அங்கிருந்து 1921, 1911 என்று படிப்படியாக இறங்குங்கள். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படியில் வேறொரு குடும்பத்தில் போய் விழ வாய்ப்பு மிக அதிகம்.

3. காசு கட்டாம பார்க்க வழி இருக்கா?

ஓரளவு இருக்கிறது. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் 1881ஆம் ஆண்டின் முழு எழுத்துப்படியும் மற்ற ஆண்டுகளின் தேடுபட்டியலும் கிடைக்கும். ஃப்ரீசென் தளத்தில் தன்னார்வலர்கள் சில கவுண்டிகளைப் படித்து எழுதியிருக்கிறார்கள். மூலப் பக்கத்தின் படம் வேண்டுமென்றால் ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற கட்டணத் தளங்கள்தான். பிரிட்டனில் இருப்பவர்கள் உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்களில் இவற்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம்.

அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருவதையும் விட்டுவிடாதீர்கள். 1858க்கு முந்தைய வேல்ஸ் உயில்கள், 1919 வரையிலான செய்தித்தாள்கள், 1840களை ஒட்டிய தசமபாக வரி (திருச்சபைக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வரைபடங்கள் மூன்றும் கணக்கெடுப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

எழுத்துப்படியோடு நிற்காமல் படத்தை ஒருமுறையாவது பாருங்கள். எழுத்துப்படி இன்னொருவர் படித்துப் புரிந்துகொண்டதுதான்.

4. 1841ல வயசு 35, 1851ல 48. ஏதாவது ஒண்ணு தப்புதானே?

இரண்டும் சரியாக இருக்கலாம். 1841இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதச் சொன்னார்கள். எனவே 35 என்றால் 35 முதல் 39 வரை எதுவும். அந்தக் கணக்கெடுப்பு ஜூன் 6, அடுத்தது 1851 மார்ச் 30. இரண்டுக்கும் பொருந்தும் வயது 44 முதல் 49 வரை. 48 அதற்குள் அடங்குகிறது. சில கணக்காளர்கள் (வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர்கள்) சொன்னபடி கேட்காமல் சரியான வயதையே எழுதியதும் உண்டு.

இன்னொரு நுணுக்கம். 1851 மார்ச் 30 அன்று பத்து வயது என்றால் அந்தப் பிள்ளை 1840 மார்ச் 31க்கும் 1841 மார்ச் 30க்கும் இடையில் பிறந்தது. இணையதளங்கள் 1851இலிருந்து பத்தைக் கழித்து "1841" என்று போட்டுவிடும். ஆண்டின் முதல் காலாண்டிலேயே கணக்கெடுத்ததால் உண்மையில் 1840ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிறப்புப் பட்டியலில் தேடும்போது முந்தைய ஆண்டிலிருந்து தொடங்குங்கள். ஓரிரு வயது முன்பின் இருந்தால் அதை வைத்து மட்டும் ஆளை ஒதுக்கிவிடாதீர்கள்.

5. எல்லாரும் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ்தான். இவ்வளவு கொஞ்சம் பெயர் எப்படி வந்துச்சு?

தமிழருக்கு இது எளிதில் புரியும். அப்பா பெயரைத் தலைப்பெழுத்தாக வைக்கும் நம் வழக்கம் போலத்தான் வேல்ஸிலும் இருந்தது. டேவிட்டின் மகன் பெயர் எவன் (Evan) என்றால் அவர் எவன் அப் டேவிட்; அப் என்றால் மகன். அவர் மகன் ஜான் என்றால் ஜான் அப் எவன். தலைமுறைக்குத் தலைமுறை பின்பெயர் மாறிக்கொண்டே போகும். பெண்ணுக்கு அப் என்பதற்குப் பதிலாக வெர்ச். ஆங்கில நிர்வாக முறையின் அழுத்தத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒரு தலைமுறையில் அப்பா பெயரையே நிலையான குடும்பப்பெயராக்கிக்கொண்டது. புழக்கத்தில் இருந்த ஆண் பெயர்களே சிலதான் என்பதால் குடும்பப்பெயர்களும் சிலதாகிவிட்டன. அப் ரீஸ் பிரைஸ் ஆனது, அப் ஹவல் பவல் ஆனது, அப் ஹாரி பாரி ஆனது, அப் ஹியூ பியூ ஆனது, அப் ஓவன் போவன் ஆனது.

செல்வரிடையே இந்த மாற்றம் முன்பே நடந்துவிட்டது. கிராமப்புறத்தில், குறிப்பாக வடமேற்கில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பழைய முறை இழுத்தது. அதனால் 1841இல் அப்பா எவன் டேவிஸ், மகன் ஜான் எவன்ஸ் என்று ஒரே கூரையின்கீழ் இருந்தால் அது எழுத்துப்பிழை இல்லை. மனைவி பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பதும், கணவர் இறந்தபின் விதவை அந்தப் பெயருக்குத் திரும்புவதும் அதே பழக்கத்தின் மிச்சம்.

6. எங்க ஆள் ஜான் ஜோன்ஸ், கல் குவாரி வேலை. அந்த ஊர்லயே பல ஜான் ஜோன்ஸ் வர்றாங்க. எப்படிப் பிரிக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வழி ஒன்றே: ஜானை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களைத் தேடுங்கள். 1881இல் ஃபெஸ்டினியோக்கில் ஜான் ஜோன்ஸ், 34, மனைவி லோரி, பிள்ளைகள் எலின், ஜான், கிரிஃபித் என்று ஒரு வீடு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இதில் ஜானும் ஜோன்ஸும் எதற்கும் உதவாது. லோரி உதவும், கிரிஃபித் உதவும், பிள்ளைகளின் வயது இடைவெளி உதவும், மனைவி பிறந்த ஊர் எல்லாவற்றையும்விட உதவும். 1871இல் தேடும்போது குடும்பப்பெயரை வெறுமையாக விட்டு லோரி என்ற பெயர், பிறந்த ஊர், வயது மூன்றையும் கொடுங்கள். இருபது பேர் வந்த இடத்தில் ஓரிருவர்தான் வருவார்கள்.

அடுத்து பிள்ளைகளின் பிறப்பை ஜி.ஆர்.ஓ. என்னும் பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. அந்த அலுவலகத்தின் சொந்தப் பட்டியலில் தொடக்க நாள் முதலே தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கிறது. பழைய காலாண்டுப் பட்டியல்களில் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். எலின், ஜான், கிரிஃபித் மூவருக்கும் தாயின் பெயர் ராபர்ட்ஸ் என்று வந்தால் குடும்பம் கைக்குள் வந்துவிட்டது. மனைவியும் பிறப்பால் ஜோன்ஸ் என்றால் இது பலிக்காது. வேல்ஸில் அப்படி நிறைய நடக்கும்.

மூன்றாவதாக ஜான், லோரி திருமணச் சான்றிதழை வாங்குங்கள். அதில் மணமக்கள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். "ராபர்ட் ஜோன்ஸ், குவாரித் தொழிலாளி" என்று இருந்தால் 1861இல், 1851இல் நீங்கள் தேடுவது அந்த ராபர்ட்டின் வீட்டில் சிறுவனாக இருக்கும் ஜானை. இந்தச் சான்றிதழை வாங்காமல் மிச்சம் பிடிப்பவர்கள்தான் பிற்பாடு அடுத்தவர் பாட்டனைத் தன் மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

7. முகவரி இடத்துல ஒரு பெயர் மட்டும்தான் இருக்கு, தெருவே இல்ல. அது என்ன?

வீட்டின் பெயர் அல்லது பண்ணையின் பெயர். பென்-அ-பிரின், டீ நியூவிட் போல. கிராமப்புற வேல்ஸில் ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். பக்கத்து வீடுகளின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கணக்காளர் நடந்த வரிசை அதில் தெரியும். தசமபாக வரி வரைபடத்தில் அதே பெயர் இருந்தால் உரிமையாளர், குடியிருந்தவர், வயல்களின் பரப்பு வரை கிடைக்கும். செய்தித்தாள்களில் ஆள் பெயரைத் தேடுவதைவிடப் பண்ணைப் பெயரைத் தேடினால் மரண அறிவிப்பு சீக்கிரம் சிக்கும்.

பண்ணை வேலையாட்கள் மட்டும் இதற்கு விலக்கு. சந்தைகளில் ஆள் பிடித்துக் குறிப்பிட்ட காலத்துக்கு அமர்த்துவது வழக்கம், அதனால் பத்தாண்டில் பல பண்ணை மாறியிருப்பார்கள். பதிமூன்று வயதுப் பையன் பெற்றோர் வீட்டில் இல்லையென்றால் இறந்துவிட்டான் என்று முடிவு கட்டாமல் சுற்றியுள்ள பண்ணைகளில் வேலையாளாக இருக்கிறானா என்று பாருங்கள்.

8. பிறந்த ஊர் லான்விஹாங்கல்னு இருக்கு. மேப்ல போட்டா பல ஊர் வருது.

புனித மிக்கேல் பெயரிலான கோயில் உள்ள ஊர் என்பதுதான் அந்தப் பெயர், வேல்ஸ் முழுக்க உண்டு. கார்மார்தன்ஷயரில் லான்விஹாங்கல்-ஆர்-ஆர்த், கார்டிகன்ஷயரில் லான்விஹாங்கல்-அ-க்ரெய்தின், டென்பிஷயரில் லான்விஹாங்கல் கிளின் மவிர். கணக்காளர் பின்பாதியை விட்டுவிடுவார். கவுண்டிப் பெயரை வைத்துக் குறையுங்கள், பிறகு அதே ஆளை எல்லாக் கணக்கெடுப்பிலும் பாருங்கள். ஏதாவது ஒன்றில் முழுப்பெயர் எழுதியிருப்பார்கள்.

கவுண்டி என்றால் 1974க்கு முந்தைய பதின்மூன்று கவுண்டிகள். இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடினால் குழப்பம்தான். மன்மத்ஷயரைச் சில தளங்கள் இங்கிலாந்தில் சேர்த்திருக்கும், "வேல்ஸ்" என்று மட்டும் வடிகட்டினால் அது விடுபடும். எல்லையோரக் கிராமங்கள் இங்கிலாந்துப் பதிவு மாவட்டத்தில் இருக்கும். டென்பிஷயரின் லான்சிலின் ஆஸ்வெஸ்ட்ரி மாவட்டத்தில் வரும். ஒரே ஊருக்கு வெல்ஷில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரு பெயரும் உண்டு: அபெர்டாவெ என்றால் ஸ்வான்சி, கைர்கபி என்றால் ஹோலிஹெட், அபெர்டைவி என்றால் கார்டிகன்.

9. ஒவ்வொரு கணக்கெடுப்புலயும் பிறந்த ஊர் மாறுதே. ஆள் வேறயா?

பெரும்பாலும் ஆள் ஒன்றுதான். நிலக்கரிச் சுரங்கப் பகுதியான கிளமோர்கனுக்கு வந்தபின் சொந்தக் கிராமத்தின் பெயரைச் சொன்னால் கணக்காளருக்குத் தெரியாது, அதனால் பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்லியிருப்பார்கள். முதியவரான பின் வளர்ந்த ஊரையே பிறந்த ஊராகச் சொல்வதும் உண்டு. பத்து மைல் சுற்றளவுக்குள் மாறினால் கவலைப்படாதீர்கள். கவுண்டியே மாறினால் கேள்வி 6இல் சொன்னபடி குடும்பத்தின் மற்றவர்களை வைத்துச் சரிபாருங்கள்.

பிள்ளைகளின் பிறந்த ஊர்கள் இதைவிட நம்பகமானவை, காரணம் பெற்றோருக்கு அது சமீபத்திய நினைவு. மூத்தவன் பிறந்தது கார்டிகன்ஷயர் இஸ்பிட்டி இஸ்ட்வித், இரண்டாமவள் அபெர்டேர், மூன்றாமவன் இஸ்ட்ராடவோடுக் என்றால் அந்த வீடு ஈயச் சுரங்கப் பகுதியை விட்டு நிலக்கரிப் பள்ளத்தாக்குக்கு எப்போது பெயர்ந்தது என்பது வயதுகளுக்கு நடுவிலேயே தெரிந்துவிடும். இஸ்ட்ராடவோடுக் என்பது ரோந்தா பள்ளத்தாக்கின் பழைய திருச்சபைப் பங்குப் பெயர் (பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி). 1851இல் ஆயிரம் பேர்கூட இல்லாத அந்த இடத்தில் 1911இல் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். உங்கள் குடும்பம் ரோந்தாவில் முடிகிறது என்றால் வேர் வேறெங்கோ இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தேடுங்கள்.

10. இருந்திருக்கணும், ஆனா தேடினா வரவே இல்ல.

படித்து எழுதியவர்களுக்குப் பல சமயம் வெல்ஷ் தெரியாது. பழைய கையெழுத்தில் இரட்டை எல் ஆங்கில யூ போலத் தெரியும், அதனால் "லான்" (Llan) என்று தொடங்கும் ஊர்கள் விசித்திரமாகப் பதிவாகியிருக்கும். தேடும்போது தெரியாத எழுத்துகளுக்கு நட்சத்திரக் குறி போடுங்கள். எவன், இவான், ஜான் மூன்றும் ஒருவருக்கே வரும். ஷான் ஜேன் ஆவாள், டாவித் டேவிட் ஆவார். குடும்பப்பெயரை வெறுமையாக விட்டு முதற்பெயர், வயது ஐந்தாண்டு முன்பின், பிறந்த கவுண்டி என்று தேடுங்கள். பிள்ளையின் அரிதான பெயரை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

அதுவும் பலிக்காவிட்டால் கடைசி வழி, பக்கம் பக்கமாகப் புரட்டுவது. முந்தைய கணக்கெடுப்பில் இருந்த பண்ணையின் பெயரை எடுத்து, அந்தத் திருச்சபைப் பங்கின் ஏட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். சிறிய பங்கு ஒரு மாலையில் முடிந்துவிடும். பல முட்டுச்சந்துகள் இப்படித்தான் திறக்கின்றன.

11. 1891ல மொழின்னு ஒரு கட்டம் இருக்கே, அதனால என்ன பயன்?

வேல்ஸிலும் மன்மத்ஷயரிலும் மட்டும் 1891இல் புதிதாகக் கேட்டார்கள்: வெல்ஷ் மட்டுமா, ஆங்கிலம் மட்டுமா, இரண்டுமா. ஒரே பெயருள்ள இருவரைப் பிரிக்க இது உதவும். பெற்றோர் வெல்ஷ் மட்டும், பிள்ளைகள் இரண்டும், பேரன் ஆங்கிலம் மட்டும் என்று ஒரு வீட்டுக்குள்ளேயே மாற்றம் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். 1891இல் சில மாதக் குழந்தைக்கும் மொழி எழுதினார்கள். 1901 முதல் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர்கள் வெல்ஷ் மட்டும் என்று எழுதியதாக அன்றைக்கே அதிகாரிகள் குறைப்பட்டார்கள். 1891க்கும் 1901க்கும் பதில் மாறியிருந்தால் அதை வைத்து மட்டும் ஆளை ஒதுக்க முடியாது.

12. 1911 படிவம் முழுக்க வெல்ஷ்ல எழுதியிருக்கு. எப்படிப் படிக்கிறது?

1911இல்தான் வீட்டுத் தலைவர் தன் கையால் நிரப்பிய படிவம் அப்படியே மிஞ்சியிருக்கிறது. முந்தைய ஆண்டுகளில் நாம் பார்ப்பது கணக்காளர் ஏட்டில் பெயர்த்தெழுதியது. வெல்ஷ் படிவத்துக்குச் சில சொற்கள் போதும்: பென்டெய்லி குடும்பத் தலைவர், குரைக் மனைவி, மாப் மகன், மெர்ச் மகள், குவாஸ் வேலையாள், மோர்வின் வேலைக்காரி, குளோவர் நிலக்கரித் தொழிலாளி, ஹ்வாரெலுர் குவாரித் தொழிலாளி, கம்ராய்க் வெல்ஷ், சைஸ்னெக் ஆங்கிலம்.

மணமான பெண்ணுக்கு எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று நான்கு எண்கள் இருக்கும். பிறந்தவர் எட்டு, இருப்பவர் ஐந்து என்றால் எந்தக் கணக்கெடுப்பிலும் வராமல் போன மூன்று பிள்ளைகளைப் பிறப்பு, இறப்புப் பட்டியலில் தேட வேண்டும். பலர் இந்த எண்களைக் கவனிப்பதே இல்லை.

13. எட்டு வயசுப் பையனுக்கு "சன்-இன்-லா"ன்னு போட்டிருக்கு. குழந்தைத் திருமணமா?

இல்லை. அந்தக் காலத்தில் மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளையையும் அப்படி எழுதினார்கள். அவனுடைய குடும்பப்பெயர் வேறாக இருந்தால் தாயின் முதல் கணவர் பெயராக இருக்கலாம். "நர்ஸ் சைல்ட்" என்றால் வளர்க்கக் கொடுத்த குழந்தை. "மதர்-இன்-லா" வீட்டில் இருந்தால் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்காதீர்கள். கேள்வி 5இல் சொன்ன விதவை வழக்கத்தால் அது அந்த அம்மாளின் அப்பா வழிப் பெயராக இருக்கலாம்.

14. கணக்கெடுப்புல பிறந்த ஊர் கிடைச்சது, ஆனா அங்க சர்ச் ஏட்டுல ஞானஸ்நானமே இல்ல.

வேல்ஸில் 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலோர் ஆங்கிலிக்கன் கோயிலை விட்டுச் சேப்பல்களுக்கு (ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளின் வழிபாட்டுக் கூடங்கள்) போய்விட்டார்கள். மெதடிஸ்ட், இண்டிபெண்டன்ட், பாப்டிஸ்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஏடு. 1837ஐ ஒட்டி அரசிடம் ஒப்படைத்தவை லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 4 வரிசையில் உள்ளன. பாப்டிஸ்ட் குடும்பமென்றால் குழந்தை ஞானஸ்நானம் இருக்காது, வளர்ந்தபின்தான் கொடுப்பார்கள்.

திருமணம் மட்டும் விதிவிலக்கு. 1754 முதல் 1837 வரை குவேக்கர் சபையார், யூதர் தவிர எல்லோரும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் மணக்க வேண்டும் என்பது சட்டம். சேப்பல் குடும்பமானாலும் அந்தக் காலத் திருமணத்தைக் கோயில் ஏட்டில்தான் தேட வேண்டும்.

15. 1931, 1941 எங்கே?

1931ஆம் ஆண்டுப் படிவங்கள் 1942 டிசம்பரில் தீயில் அழிந்தன. 1941இல் போரால் எடுக்கவில்லை. அந்த இடைவெளிக்குக் கேள்வி 2இல் சொன்ன 1939 பதிவேடுதான். 1921ஐ நன்றாகப் பயன்படுத்துங்கள். முதலாளி பெயரும் வேலையிடமும் அதில் இருக்கும், எந்தச் சுரங்கம் என்பது வரை தெரியும்.

16. எங்க குடும்பம் மெட்ராஸ் ஆங்கிலோ-இந்தியர். வேல்ஸ்லேர்ந்து வந்தவரை எப்படிப் பிடிக்கிறது?

நேராக வேல்ஸ் ஏடுகளுக்குப் போகாதீர்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் மெட்ராஸ் ராஜதானியின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவை என்/2 வரிசையில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்டில் படமாகக் கிடைக்கும். அதில் அப்பாவின் தொழிலோ படைப்பிரிவோ தெரியும். பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாய் என்றால் கியூவில் டபிள்யூ.ஓ. 97 வரிசை ஓய்வுத் தாளில் பிறந்த பங்கின் பெயர் இருக்கும். அந்த ஊர் தெரிந்தபின்தான் கணக்கெடுப்பைத் திறக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தினரையும் குடும்பத்தாரையும் 1911இல் பெயரோடு எடுத்திருக்கிறார்கள்.

17. பார்த்த பக்கத்தை எப்படிக் குறிச்சு வைக்கணும்?

இணைய முகவரி போதாது, தளம் மாறினால் போய்விடும். காப்பகம் கொடுத்த வரிசை எண், பீஸ் (அந்த வரிசையில் உள்ள கட்டின் எண்), ஃபோலியோ (தாள் எண்), பக்கம், வீட்டின் ஷெட்யூல் (படிவ) எண் ஐந்தையும் எழுதுங்கள். 1841, 1851 இரண்டும் ஹெச்.ஓ. 107. 1861 ஆர்.ஜி. 9, அடுத்தடுத்து ஒவ்வொரு எண் கூடி 1911 ஆர்.ஜி. 14, 1921 ஆர்.ஜி. 15. ஃபோலியோ எண் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வலது மேல் மூலையில் முத்திரையாக இருக்கும். 1911 முதல் தனிப் படிவங்கள் என்பதால் ஃபோலியோ கிடையாது.

18. எல்லாம் செஞ்சாச்சு. 1851ல ரெண்டு ராபர்ட் ஜோன்ஸ் வீட்டுலயும் நாலு வயசு ஜான் இருக்கான். ரெண்டுமே பொருந்துது. இப்ப?

இரண்டு பையன்களையும் முன்னோக்கித் துரத்துங்கள். உங்கள் ஜான் 1881இல் ஃபெஸ்டினியோக்கில் உயிரோடு இருந்தார் என்பது உறுதி. அந்த இருவரில் ஒருவன் சிறுவயதிலேயே இறந்திருக்கிறானா என்று ஜி.ஆர்.ஓ. இறப்புப் பட்டியலில் பாருங்கள், அதில் 1837 முதலே இறந்த வயது இருக்கும். இறந்திருந்தால் ஒருவன் விலகிவிட்டான். இருவரும் பிழைத்திருந்தால் 1861, 1871, 1881 மூன்றிலும் இருவரையும் தனித்தனியே தேடுங்கள். 1881இல் ஒருவன் இன்னமும் அப்பாவோடு சொந்தப் பண்ணையில் இருந்தால் அவன் உங்கள் ஆள் இல்லை.

அப்படியும் தீரவில்லையென்றால் பண்ணைப் பெயரை வைத்து உயில்களைப் பாருங்கள், மகன்களின் ஊரும் தொழிலும் அதில் வரும். மூத்த பிள்ளைக்கு அப்பா வழித் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் துப்பு கொடுக்கும், சாட்சி ஆகாது. எதுவும் கிடைக்காவிட்டால் இரண்டு வீடுகளையும் "உறுதியாகவில்லை" என்று குறிப்பெழுதி மரத்துக்கு வெளியே வையுங்கள். இணையத்தில் இன்னொருவர் மரத்தில் ஒருவரை ஏற்றியிருக்கிறார் என்பதற்காக நீங்களும் ஏற்ற வேண்டாம். அவர் எந்த ஏட்டின் எந்தப் பக்கத்தை வைத்து ஏற்றினார் என்று அவரிடமே கேளுங்கள்.